கஞ்சாச் செடி: சட்டம் மாறுவதற்கு முன் சம்சாரி தெரிந்துகொள்ள வேண்டியவை
புதிய அரசுக்கு ஒரு வேளாண்மை அலுவலரின் வேண்டுகோள்

புதிய அரசு பொறுப்பேற்றால் நம் இதழுக்கு வரும் கடிதங்களின் எண்ணிக்கை கூடிவிடும். கடன் தள்ளுபடி உண்டா, நெல்லுக்கு ஊக்கத்தொகை உயருமா, கள்ளுக்கு அனுமதி கிடைக்குமா என்பவை வழக்கமான கேள்விகள். இந்த முறை இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. 'வடக்கே சில மாநிலங்களில் கஞ்சாச் செடி பயிரிட அரசே உரிமம் தருகிறதாமே, நம் ஊரிலும் சட்டம் மாறுமா? ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வருமானம் என்று கைப்பேசியில் வீடியோ வருகிறதே, உண்மையா?'

கேட்பவர்கள் யாரும் போதை வியாபாரிகள் இல்லை. மக்காச்சோளத்தில் படைப்புழு, தென்னையில் வெள்ளை ஈ, மரவள்ளியில் மாவுப்பூச்சி என்று அடிமேல் அடி வாங்கிவிட்டு, வேறு ஏதாவது பயிர் கைகொடுக்காதா என்று தேடும் சிறு விவசாயிகள்தான். அவர்களுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். அதே நேரத்தில், இந்தச் சட்டத்தில் எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதை வயலில் நின்று பார்க்கும் ஒருவன் அரசுக்கும் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் அரசுப் பணியில் இருப்பவன். இங்கே எழுதுவது துறையின் கருத்து இல்லை. என் சொந்தக் கருத்து மட்டுமே.

முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதியில் தமிழ்நாட்டில் கஞ்சாச் செடி வளர்ப்பது குற்றம். ஒரே ஒரு செடியாக இருந்தாலும் குற்றம்தான். கட்டுரையை முழுவதும் படித்த பிறகும் இந்த வரி உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

பெயர்க் குழப்பம்

நம் ஊர்ப் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு வேறு. கோணிப்பை தைக்கும் சணல் வேறு. கீரையாகவும் நாராகவும் பயன்படும் புளிச்சை வேறு. இவை மூன்றுக்கும் கஞ்சாவுக்கும் தாவரவியல்படி எந்த உறவும் கிடையாது. 'ஹெம்ப்' என்ற ஆங்கிலச் சொல்லை எல்லா நார்ப் பயிர்களுக்கும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். சணப்பு விதைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், தாராளமாக விதையுங்கள்.

இப்போது பேசப்படும் 'தொழில் ஹெம்ப்' என்பது கஞ்சா இனத்தையே சேர்ந்த செடி. தாவரப் பெயரும் அதே 'கன்னாபிஸ் சட்டைவா' தான். வேறுபாடு செடியில் உள்ள 'டி.ஹெச்.சி.' என்ற போதைப் பொருளின் அளவில் இருக்கிறது. காய்ந்த பூக்கதிரில் இது 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத ரகங்களைத் தொழில் ஹெம்ப் என்று அமெரிக்காவும் கனடாவும் வகைப்படுத்தியுள்ளன. உத்தராகண்ட் மாநிலமும் இதே 0.3 சதவீத வரம்பைத்தான் வைத்திருக்கிறது. போதைக்காக வளர்க்கப்படும் செடியில் இது பல மடங்கு இருக்கும்.

இதில் சிக்கல் என்னவென்றால், இரண்டு செடியையும் அடுத்தடுத்து நட்டு வைத்தால் கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. எனக்கும் முடியாது, காவல்துறைக்கும் முடியாது. ஆய்வகத்தில் பரிசோதித்தால்தான் தெரியும். இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் நான் சொல்லும் கோரிக்கைகள் எல்லாம் எதற்காக என்பது புரியும்.

நாருக்காக வளர்க்கும்போது நெருக்கமாக விதைத்து, 2 முதல் 4 மீட்டர் உயரம் வளரவிட்டு, பூக்கும் பருவத்தில் அறுத்து, தண்டை ஊறவைத்து நார் பிரிப்பார்கள். விதைக்காக வளர்த்தால் முற்றவிட்டு அறுவடை செய்வார்கள். விதையில் எண்ணெய் சுமார் 30 சதவீதமும் புரதம் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கிறது. உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இந்த விதையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். நாரில் கயிறும் திரிப்பார்கள். மூன்றாவது பயன் பூக்கதிரில் இருந்து 'சி.பி.டி.' எடுத்து மருந்துக்குப் பயன்படுத்துவது. வீடியோவில் வரும் லட்சக் கணக்கெல்லாம் இந்த மூன்றாவது பயனை வைத்துச் சொல்லப்படுபவை.

சட்டம் என்ன சொல்கிறது?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருந்ததால் இயற்றப்பட்ட சட்டம் இது. இதன்படி கஞ்சா என்பது செடியின் பூக்கதிர், காய்க்கதிர்ப் பகுதி. கதிரோடு சேராத தனி இலையும் விதையும் இந்த விளக்கத்தில் வராது. 'அப்படியானால் விதைதானே, இலைதானே' என்று யாராவது உங்களிடம் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். செடியைப் பயிரிடுவதே 20ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். 10 ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

வைத்திருப்பதற்கான தண்டனை அளவைப் பொறுத்தது. 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறு அளவு. 1 ஆண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் இருந்தால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது மிகவும் கடினம்.

நில உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய பிரிவு 46. உங்கள் நிலத்தில் யாராவது கஞ்சாச் செடி வளர்ப்பது தெரிந்தால் உடனே காவல்துறைக்கோ உரிய துறைக்கோ தகவல் கொடுக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் நீங்களும் தண்டனைக்கு உரியவர். அடுத்த பிரிவு 47, இதே கடமையை அரசு அலுவலர்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் விதிக்கிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், தூரத்து மானாவாரிக் காட்டை ஆள் வைத்துப் பார்ப்பவர்கள், மலைத்தோட்டம் வைத்திருப்பவர்கள் வருடத்தில் சில முறையாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. குத்தகையை எழுத்தில் போடுங்கள். என்ன பயிர் என்பதை ஒப்பந்தத்திலும் அடங்கலிலும் பதியச் செய்யுங்கள். வாய்ப்பேச்சுக் குத்தகையில் வழக்கு வந்தால், 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்க நீங்கள் படாத பாடு படவேண்டியிருக்கும்.

மாநில அரசால் முடியுமா?

முடியும். 'இது மத்திய அரசுச் சட்டம், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை' என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு, கஞ்சாச் செடி சாகுபடியை விதிகள் மூலம் அனுமதிக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. 14ஆவது பிரிவு, நார் அல்லது விதை எடுக்கும் தொழில் நோக்கத்துக்கும் தோட்டக்கலை நோக்கத்துக்கும் நிபந்தனைகளோடு சாகுபடியை அனுமதிக்க அரசுக்கு வழி செய்கிறது. நாடாளுமன்றம் கூடித் திருத்தம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. மாநில அரசின் விதியும் ஆணையும் போதும்.

உத்தராகண்ட் அரசு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி 2018இல் முதன்முதலாக முன்னோட்டச் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது. இமாசலப் பிரதேசம் நிதானமாக நடந்துகொண்டது. சட்டமன்றக் குழு அமைத்து, மற்ற மாநிலங்களைப் பார்த்துவிட்டு வந்து, 2024 செப்டம்பரில் அறிக்கையைச் சட்டமன்றத்தில் ஏற்று, 2025 ஜனவரியில் பாலம்பூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து முன்னோட்ட ஆய்வு நடத்த அமைச்சரவை ஒப்புதல் தந்தது. முதலில் ஆராய்ச்சிப் பண்ணை, பிறகுதான் விவசாயி நிலம். இந்த வரிசைதான் சரியானது என்பது என் கருத்து.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் 2021இல் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக ஏற்று, அவற்றில் டி.ஹெச்.சி. எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பும் வகுத்துவிட்டது. ஆக, விற்க வழி இருக்கிறது. நம் விவசாயி விளைவிக்கத்தான் வழி இல்லை. கடையில் விற்கும் ஹெம்ப் விதைப் பொட்டலத்தில் நம் மாநில விவசாயியின் பங்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

போதைத் தன்மை உள்ள பயிரைச் சிறு விவசாயியிடம் நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம் போய்ப் பார்க்கலாம். அங்கேயும் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் அபினிச் செடியை விவசாயிகள் உரிமத்தோடு பல தலைமுறையாகப் பயிரிடுகிறார்கள். குவாலியரில் உள்ள மத்தியப் போதைப்பொருள் அலுவலகம் உரிமம் தருகிறது. ஒருவருக்கு அனுமதி பெரும்பாலும் 10 ஆர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட். விளைந்ததை அரசே எடைபோட்டு வாங்கி, நீமச், காசிப்பூர் ஆலைகளில் மருந்துக்காகப் பதப்படுத்துகிறது. குறைந்தபட்ச அளவு காட்டாதவருக்கு அடுத்த ஆண்டு உரிமம் கிடைக்காது. அந்த முறையில் குறைகள் உண்டு. கள்ளச் சந்தைக்குக் கசிவதும் உண்டு. ஆனாலும் கஞ்சாவைவிடக் கடுமையான ஒரு போதைப் பயிரையே கால் ஏக்கர்க்காரரிடம் கொடுத்து நிர்வகிக்கும் அனுபவம் இந்த நாட்டுக்கு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

அவசரப்பட்ட நாடுகள்

அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டம் தொழில் ஹெம்ப்பைப் போதைப்பொருள் பட்டியலில் இருந்து எடுத்தது. புகையிலையிலும் சோளத்திலும் நட்டப்பட்டிருந்த விவசாயிகள் சி.பி.டி.க்காக முண்டியடித்து இறங்கினார்கள். வாங்கும் ஆலைகள் குறைவு, விளைச்சல் மலைபோல் குவிந்தது, விலை சரிந்தது. அந்நாட்டு வேளாண் துறைக் கணக்கின்படி 2021இல் ஹெம்ப் உற்பத்தியின் மதிப்பு 82.4 கோடி டாலர். அடுத்த ஆண்டே அது 23.8 கோடி டாலராகிவிட்டது. அதோடு டி.ஹெச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டிய பயிரை அழித்தாக வேண்டும் என்ற விதியும் இருந்தது. வரம்பைத் தாண்டியது விவசாயியின் குற்றமாக இல்லாதபோதும் நட்டம் அவர் தலையில்தான் விழுந்தது.

தாய்லாந்து 2022 ஜூன் மாதம் கஞ்சாவைப் போதைப்பட்டியலில் இருந்து நீக்கியது. வீட்டுக்கு வீடு செடி வளர்க்கலாம் என்று அரசே ஊக்கம் கொடுத்தது. முறைப்படுத்தும் சட்டம் முழுமையாக வருவதற்கு முன்பே கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. விலை வீழ்ந்ததில் கடன் வாங்கிக் கூடாரம் போட்ட சிறு விவசாயிகள் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று அரசு மறுபடியும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் விதி மாறினால், நிலத்தில் முதலீடு போட்டவர்தான் கடைசியில் மாட்டிக்கொள்வார்.

நம் மண்ணில் வருமா?

'கஞ்சா எங்கே போட்டாலும் களை மாதிரி வளரும், இதற்கு ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். வளர்வது வேறு, மகசூல் தருவது வேறு.

இது குறும்பகல் செடி. பகல் நேரம் குறையத் தொடங்கியதும் பூக்கும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் கோடையில் பகல் 16 மணி நேரம் வரை நீளும். அந்தக் காலத்தில் செடி நெடுநெடுவென்று வளர்ந்து, பிறகு பூக்கும். தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளரும் ரகத்தை இங்கே விதைத்தால், முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட வாய்ப்பு அதிகம். நாரும் இருக்காது, விதையும் இருக்காது. வெளிநாட்டு விதையை விற்க வருபவர் இதைச் சொல்லமாட்டார்.

அடுத்தது மகரந்தம். பெரும்பாலும் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் தூரம் பறக்கும். அருகில் எங்காவது கள்ளத்தனமாகப் போதை ரகம் வளர்க்கப்பட்டால், உங்கள் வயலில் பிடிக்கும் விதையில் கலப்பு வந்துவிடும். அந்த விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்தால் டி.ஹெச்.சி. வரம்பு தாண்டும். ஆகவே சொந்த விதை சேமிக்கும் நம் வழக்கம் இந்தப் பயிருக்கு ஒத்துவராது.

மூன்றாவது பதப்படுத்தல். நார்த் தண்டு எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும் சரக்கு. லாரி வாடகைக்கே பணம் போய்விடும். நார் பிரிக்கும் இயந்திரம் அருகில் இல்லாவிட்டால் விளைவித்தும் பயனில்லை. நாருக்காகத்தான் என்றால் நம்மிடம் தென்னை நார், வாழை நார், புளிச்சை நார் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றையே இன்னும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எனவே நம் மாநிலத்துக்கு இந்தப் பயிரில் வாய்ப்பு இருந்தால் அது விதை உணவுக்கும் மருந்து மூலப்பொருளுக்குமாக இருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்பதை வயல் ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

ஈமு கோழியை மறந்துவிட வேண்டாம்

என் பணிக்காலத்தில் பல 'அதிசயப் பயிர்'களைப் பார்த்துவிட்டேன். கற்றாழை, மருந்துக்கூர்க்கன், சந்தனம், அகர் என்று வரிசையாக வந்தன. கொங்குப் பகுதியில் ஈமு கோழி வந்து 2012இல் கவிழ்ந்ததை மறக்க முடியாது. எல்லாவற்றிலும் ஒரே பாணிதான். விதையையோ நாற்றையோ குஞ்சையோ அதிக விலைக்கு விற்பார்கள். 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று எழுதிக் கொடுப்பார்கள். முதல் சிலருக்குப் பணம் வரும். அதைக் காட்டி நூறு பேரைச் சேர்ப்பார்கள். அறுவடை நேரத்தில் தொலைபேசி அணைந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மருந்துக்கூர்க்கன் கிழங்கை வாங்க ஆளில்லாமல் வரப்பில் கொட்டியது. நகை அடகு மீட்கப்படவே இல்லை.

கஞ்சாச் செடி விஷயத்தில் ஏமாற்றம் பணத்தோடு முடியாது. ஒப்பந்தம் போட்டவர் ஓடிவிட்டால், வயலில் நிற்கும் செடிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். உரிமம் போலியாக இருந்தால் சிறைக்குப் போவதும் நீங்கள்தான்.

நச்சுத் தன்மையுள்ள பயிரை முறையாகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்வது நமக்குப் புதிதில்லை. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில் இருந்து மூட்டுவாத மருந்து எடுக்கிறார்கள். நித்தியகல்யாணியில் இருந்து புற்றுநோய் மருந்து கிடைக்கிறது. ஆனால் கண்வலி விதை விலையை இன்றும் வியாபாரிகள்தான் தீர்மானிக்கிறார்கள். ஒரு வருடம் உச்சம், மறு வருடம் பாதாளம். அங்கே செய்யத் தவறிய விலைப் பாதுகாப்பைப் புதிய பயிரிலாவது முதலிலேயே செய்ய வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி

இதைப் படிக்கும் தாய்மார்களின் மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். 'ஊருக்குள் ஏற்கெனவே கஞ்சாப் பொட்டலம் வந்து பையன்கள் கெட்டுப்போகிறார்கள். இதில் அரசே பயிரிடச் சொல்வதா?' நியாயமான கோபம். பேருந்து நிலையத்திலும் கல்லூரிப் பக்கமும் விற்கும் பொட்டலத்துக்கு எதிரான நடவடிக்கை ஒரு துளியும் தளரக்கூடாது. பொழுதுபோக்குக்காகக் கஞ்சா புகைப்பதை அனுமதிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வளரும் வயதில் இந்தப் பழக்கம் மூளையைப் பாதிக்கும், சிலருக்கு மனநோயைத் தூண்டும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டு. விற்பவனையும் பழக்கத்துக்கு அடிமையான பையனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு வழக்கிலோ பயன்படுத்திய வழக்கிலோ சிக்கிய அடிமை நோயாளி தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்தால், வழக்கில் இருந்து விலக்குப் பெற வழி வைத்திருக்கிறது. கிராமத்தில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? சொல்ல ஆளில்லை, பக்கத்தில் மையமும் இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும் சிகிச்சை மையம் வேண்டும். தேசிய போதை மீட்பு உதவி எண் 14446 ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

புதிய அரசிடம் கேட்பவை

1. முதலில் ஆய்வு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலியிட்ட பண்ணைகளில், மலைப்பகுதி ஒன்றிலும் சமவெளி இரண்டிலும், குறைந்தது 3 ஆண்டுகள் ரக ஆய்வு நடத்த 14ஆவது பிரிவின்கீழ் ஆணை வெளியிட வேண்டும். முடிவு எதுவானாலும், 'ஒத்துவராது' என்பதே முடிவானாலும், அதைத் தமிழில் வெளியிட வேண்டும்.

2. விதை அரசு வழியாக மட்டும். சான்று பெற்ற குறைந்த டி.ஹெச்.சி. விதையை அரசு நிறுவனம் மட்டுமே வழங்க வேண்டும். தனியார் நேரடி விதை விற்பனை கூடாது.

3. வரம்பு தாண்டினால் வழக்கு வேண்டாம். உரிமம் பெற்று, அரசு விதையை விதைத்த வயலில் டி.ஹெச்.சி. சிறிதளவு கூடினால் பயிரை அழிக்கட்டும். விவசாயி மீது குற்ற வழக்கு பதியக் கூடாது. சாகுபடிச் செலவை இழப்பீடாகத் தர வேண்டும். பரிசோதனைக் கட்டணத்தை அரசோ கொள்முதல் செய்பவரோ ஏற்க வேண்டும்.

4. வாங்குபவர் முதலில், விதைப்பு பிறகு. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தின்படி பதிவு செய்த, முன்பணம் கட்டிய நிறுவனம் அருகில் ஆலை அமைத்த பின்புதான் அந்த வட்டாரத்தில் உரிமம் தர வேண்டும்.

5. சிறு விவசாயிக்கு முதல் இடம். அபினி உரிமம் போல ஆளுக்கு 25 சென்ட், 50 சென்ட் என்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாகக் கொடுக்கலாம். நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு அதைச் சீர்திருத்தம் என்று சொல்லக் கூடாது.

6. தெரியாமல் சிக்கும் நில உரிமையாளருக்குப் பாதுகாப்பு. பதிவு செய்த குத்தகை, அடங்கல் பதிவு, தகவல் கொடுத்த சான்று ஆகியவை இருந்தால் விசாரணையின் தொடக்கத்திலேயே அவரை விடுவிக்கத் தெளிவான வழிகாட்டுதல் வேண்டும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: ஹெம்ப் விதை இணையத்தில் விற்கிறார்கள். சாப்பிட வாங்கிய விதையில் கொஞ்சம் முளைக்கப் போட்டுப் பார்க்கலாமா? (திருப்பூர் மாவட்ட வாசகர்)

பதில்: கூடாது. விதையை உணவாக வாங்குவதற்குத் தடை இல்லை. அது முளைத்துச் செடியானால் அது சாகுபடி. தொட்டியில் வைத்தாலும் அப்படித்தான்.

கேள்வி: ஒரு நிறுவனம் உத்தராகண்ட் உரிமத்தின் நகலைக் காட்டி, தமிழ்நாட்டிலும் அது செல்லும் என்கிறது. ஏக்கருக்கு முன்பணம் கேட்கிறது. கொடுக்கலாமா? (சேலம் மாவட்ட வாசகர்)

பதில்: ஒரு மாநிலம் தரும் உரிமம் அந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும். பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் கொடுத்த தாளின் நகலோடு மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

கேள்வி: சித்த மருந்தில் கஞ்சா சேர்க்கிறார்களே, மூலிகைத் தோட்டத்தில் வளர்க்கலாமா? (தென்காசி மாவட்ட வாசகர்)

பதில்: சில மருந்துகளில் சுத்தி செய்து சேர்ப்பது உண்மை. அவை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டிய நச்சுப் பொருள்களின் பட்டியலில் வருபவை. மருந்து தயாரிப்பவருக்கே தனி உரிமம் தேவை. வீட்டு மூலிகைத் தோட்டத்தில் வளர்க்க அனுமதி இல்லை.

கேள்வி: வரப்போரம் அடையாளம் தெரியாத செடி முளைத்திருக்கிறது. இலை கஞ்சா மாதிரி இருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிடலாமா? (தேனி மாவட்ட வாசகர்)

பதில்: புளிச்சை இலையும் கைவிரல் போலப் பிளந்திருப்பதால் பலர் குழம்புகிறார்கள். புளிச்சை இலையை மென்றால் புளிக்கும் என்பார்கள். ஆனால் அடையாளம் தெரியாத எதையும் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். படம் எடுத்து உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். கஞ்சாவாக இருந்தால் நீங்களாகப் பிடுங்கி எடுத்துப் போகாமல், கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்புகைதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

மேலே சொன்ன ஆறு கோரிக்கைகளில் உங்களுக்கு உடன்பாடு இருந்தால், உங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டத்திலும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுவாகக் கொடுங்கள். உடன்பாடு இல்லாவிட்டால் ஏன் என்று இதழுக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் பதில் சொல்கிறேன். அரசாணை வெளிவந்து, உங்கள் பெயரில் உரிமம் கைக்கு வரும்வரை யார் என்ன சொன்னாலும் ஒரு விதைகூட மண்ணில் விழக் கூடாது. அதுவரை அந்த நிலத்தில் சணப்பு விதைத்து, 45ஆம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அடுத்த பயிருக்கு யூரியாச் செலவாவது குறையும்.